செவிக்கும் கணக்கு உண்டு

மார்க்கத்தை எடுத்துச் சொல்பவருக்கு இருக்கும் பொறுப்பைப் பற்றி இஸ்லாமிய நூல்கள் விரிவாகப் பேசியிருக்கின்றன. அதைக் கேட்பவருக்கும் பொறுப்பு உண்டா, உண்டெனில் அதன் எல்லை எது என்ற கேள்வி அந்த அளவுக்கு மேடைகளில் எழுப்பப்படுவதில்லை. ஆயினும் திருக்குர்ஆனின் 17ஆவது அத்தியாயம், அதன் 36ஆவது வசனத்தில், அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர்வதை விலக்கியபின், செவியும் பார்வையும் உள்ளமும் விசாரணைக்கு உரியவை என்று அறிவிக்கிறது; அம்மூன்றிலும் செவியே முதலில் நிற்கிறது. மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வழியாகப் பொத்துவில் வரை நீளும் அம்பாறைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களில் கடந்த அரை நூற்றாண்டில் மார்க்கத்தைக் கேட்கும் முறை அடியோடு மாறியிருப்பதால், இந்தக் கேள்வி இன்று ஏட்டளவில் நின்றுவிடக்கூடிய ஒன்றாக இல்லை. நேயர்கள் எதை விட்டு எதற்கு மாறினார்கள் என்பதை ஊடக நிறுவனங்கள் எண்ணிக்கையால் அளக்கின்றன; அந்த மாற்றத்தில் கேட்பவர் யாருடன் இருந்து கேட்கிறார், யாருடைய தெரிவின்படி கேட்கிறார், கேட்டதற்கு யாரிடம் பதில் சொல்கிறார் என்பனவற்றை அளப்பதற்கு மார்க்கச் சட்டக்கலையே நுட்பமான அளவுகோல்களை வைத்திருக்கிறது.

ஒலிநாடாவுக்கும் கைத்தொலைபேசிக்கும் முந்திய காலத்தில் இக்கரையின் கேட்டல் மரபு கூட்டத்தின் மரபாகவே இருந்தது. நோன்பு மாதத்தில் பக்கீர் பாவாமார் தாயிரா எனப்படும் தோற்கருவியைத் தட்டிப் பாடிக்கொண்டு தெருத்தெருவாக வந்து சஹருக்கு எழுப்புவதும், வீடுகளில் புகழ்ப்பாவான மவ்லூது ஓதப்படுவதும், பள்ளிவாசல்களில் ராத்தீபு என்னும் கூட்டு திக்ரு நடப்பதும், கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஷாஹுல் ஹமீது நாயகத்தின் பெயரால் 12 நாட்கள் கொடியேற்ற விழா நிகழ்வதும் ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே ஓசையைக் கேட்ட நிகழ்வுகளாகும். இவற்றுள் எதையும் கேட்பவர் தாம் விரும்பிய நேரத்துக்குத் தள்ளிவைக்கவோ, பிடிக்காத பகுதியைத் தாண்டிச் செல்லவோ இயலாது. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, தமது இஹ்யா உலூமித்தீனில் ஸமாஉ, அதாவது ஆன்மிக நோக்கோடு இசையையும் பாடலையும் கேட்டல், என்பதற்கென ஒரு தனி நூற்பகுதியை ஒதுக்கி, அவருக்கு இரு நூற்றாண்டுகள் முந்திய ஜுனைதுல் பக்தாதியின் கருத்தொன்றை அங்கே முன்வைக்கிறார்: கேட்டலுக்குக் காலம், இடம், உடனிருப்போர் ஆகிய மூன்றும் பொருந்தி வர வேண்டும், பொருந்தாதபோது கேளாதிருத்தலே நன்று. ஸூபிகளின் இசை அமர்வுகளைப் பற்றிச் சொல்லப்பட்ட இந்த நிபந்தனையை எல்லா உரைகளுக்கும் சட்டமாக விரிக்க முடியாதெனினும், கேட்டல் என்ற செயலுக்கு ஓசைக்கு வெளியேயும் உறுப்புகள் உண்டு என்பதை இதைவிடச் சுருக்கமாக எவரும் வகுத்ததில்லை.

இம்மூன்றில் இடத்தை முதலில் அசைத்தது வானொலி. 1967இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக மாறிய இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவை தமிழில் ஒலிபரப்பிய குர்ஆன் விளக்கங்களும், நோன்புகால நிகழ்ச்சிகளும், நாகூர் ஈ. எம். ஹனீபாவின் பாடல்களும் இக்கரையின் வீடுகளுக்குள் நேரே வந்தன. பெண்கள் வெள்ளிக்கிழமைத் தொழுகையான ஜும்ஆவுக்குச் செல்லும் வழக்கம் பரவலாக இல்லாத அக்காலத்தில் ஆலிம் ஒருவரின் விளக்கவுரையைச் சமையலறையிலிருந்தபடியே கேட்க முடிந்தமை சிறிய பேறன்று. ஆனால் வானொலி கொழும்பிலிருந்து பேசியது. கல்முனை கொழும்புக்கு ஏறத்தாழ 2 பாகை கிழக்கே இருப்பதால் இங்கே சூரியன் கொழும்பைவிட ஏறத்தாழ 8 நிமிடம் முந்தி உதித்து முந்தியே மறைகிறது. எனவே நோன்புக் கஞ்சிக் கோப்பையையும் பேரீச்சம்பழத்தையும் முன்னால் வைத்துக் காத்திருக்கும் வீட்டில், உள்ளூர்ப் பள்ளிவாசலின் பாங்கு கேட்டு நோன்பு திறந்து சில நிமிடங்கள் கழிந்த பின்னரே வானொலியில் கொழும்பின் பாங்கு ஒலிக்கும். மாலையில் இந்த வேறுபாடு தீங்கற்றது. விடியற்காலையில் கொழும்பின் சஹர் முடிவை அப்படியே நம்பி உண்பவரோ நேரம் கடந்த பின்னும் உண்டவராவார். ஆகவே நாடு முழுவதற்கும் ஒரே குரல் பேசிய காலத்திலும், அந்தக் குரலைத் தம் ஊரின் சூரியனுக்கு ஏற்பத் திருத்திக் கேட்கும் கடமை கேட்பவரிடமே இருந்தது. அந்தத் திருத்தத்தை ஊரிலுள்ள அனைவரும் அறிந்திருந்தார்கள் என்பதே அக்காலத்தின் வலிமை. இன்றைய தொழுகை நேரச் செயலிகள் வீட்டின் ஆயத்தொலைவைக்கூட அறிந்து நிமிடக் கணக்குத் தருகின்றன. ஆயினும் விடியலை எத்தனை பாகையில் கணிப்பது, அஸர் தொழுகையை எந்த மத்ஹபின்படி, அதாவது சட்ட மரபின்படி, வைப்பது என்ற தெரிவுகள் செயலியின் அமைப்புப் பக்கத்தில் ஒளிந்திருக்க, ஒரே வீட்டில் இருவரின் கைத்தொலைபேசிகள் இரு நேரங்களில் பாங்கு சொல்வது நிகழ்கிறது.

காலத்தையும் உடனிருப்போரையும் அசைத்தது ஒலிநாடா. 1970களின் இறுதியிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு உழைக்கப் போனவர்கள் கொண்டுவந்த கெசட் ரேடியோக்கள், தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பதிவான பயான்களை, அதாவது மார்க்க உரைகளை, எந்த நேரத்திலும் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்தன. தரீக்கா, தப்லீக், தவ்ஹீத் எனப் பிரிந்து நின்ற கருத்துகள் ஊர்ப் பள்ளியின் மிம்பர் எனப்படும் உரை மேடையில் இடம் கிடைக்காமலேயே வீடுகளை எட்டின. இதை வெறும் சீர்குலைவாக எழுதுவது நேர்மையன்று. ஓர் ஆலிமின் கருத்தைக் காரணம் அறியாது ஏற்றலைத் தக்லீத் என்பர்; ஆதாரம் என்ன என்று கேட்கும் துணிவைப் பள்ளிப் படிப்பு மட்டுமே உள்ள ஒருவருக்கு அந்த ஒலிநாடா கொடுத்தது. கேட்போர் வினாத் தொடுக்க, உரையாளர் விடை சொல்லும் அமர்வுகளின் பதிவுகளே மிகுதியாகப் பரவின என்பதும் கவனிக்கத்தக்கது. 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் பாடிய, முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழிலக்கியங்களில் மிகப் பழையதாகக் கருதப்படும் ஆயிர மசலா, அப்துல்லாஹ் இப்னு ஸலாம் நபிகளாரிடம் கேட்ட வினாக்களும் பெற்ற விடைகளுமாக அமைந்தது. மசலா என்பது விடை வேண்டி நிற்கும் வினா. தமிழ் முஸ்லிம் செவி அப்போதிருந்தே வினா விடை வடிவத்துக்குப் பழகியது. ஆனால் அந்நூலில் வினவுபவர் விடையளிப்பவரின் முன்னிலையில் அமர்ந்திருக்கிறார், விடை மனம் நிறைவிக்கும்வரை அடுத்த வினாவைத் தொடுக்கிறார். ஒலிநாடாவில் வேறொருவரின் வினாவுக்குச் சொல்லப்பட்ட விடையை, அவருடைய சூழல் அறியாத இன்னொருவர் தமக்குரிய விடையாக எடுத்துக்கொள்கிறார்.

கைத்தொலைபேசி காலம், இடம், உடனிருப்போர் ஆகிய மூன்றையும் ஒருசேர அகற்றியிருக்கிறது. மருதமுனையின் கைத்தறிக் கொட்டிலொன்றில் இதை நேரிற் காணலாம்: தறியில் நாடா பாயும் ஓசைக்கு மேலாகக் கேட்க வேண்டி வானொலியைக் கூட்டி வைத்த காலத்தில் கொட்டிலில் இருந்த அனைவரும் ஒரே பயானைக் கேட்டு, அது முடிந்ததும் அதைப் பற்றிப் பேசி, சிலவேளை சண்டையும் இட்டார்கள், இன்று அருகருகே அமர்ந்து சாரன் நெய்யும் இருவர் காதில் செருகிய கருவிகள் வழியே ஒன்றுக்கொன்று முரணான இரு உரைகளைக் கேட்கலாம், ஒருவர் கேட்டதை மற்றவர் அறியமாட்டார். கருத்து வேறுபாடு கூடியதைவிட, வேறுபாடு இருப்பதே தெரியாமற் போனமைதான் இங்கே நிகழ்ந்த பெரிய மாற்றமாகும்.

இந்த இடத்தில் ஷாபிஈ மத்ஹப் ஜும்ஆவுக்கு விதித்துள்ள நிபந்தனையொன்றை நிதானமாக நோக்க வேண்டும். இக்கரையோர முஸ்லிம்களிற் பெரும்பாலோர் பரம்பரையாகப் பின்பற்றிவரும் அந்த மத்ஹபின் அடிப்படை நூல்களில் ஒன்றான மின்ஹாஜுத் தாலிபீனை எழுதியவர், 1277இல் மறைந்த இமாம் நவவி. ஜும்ஆ நிறைவேற அவ்வூரில் நிலையாகக் குடியிருக்கும் 40 ஆண்கள் இருக்க வேண்டும், குத்பா எனப்படும் அந்த உரையின் அர்கான்கள், அதாவது இன்றியமையாத உறுப்புகள், அந்த 40 பேருக்கும் கேட்குமாறு சொல்லப்பட வேண்டும் என்று அது வகுக்கிறது. உரையாளர் எத்துணை அறிஞராயினும், அவருடைய அரபு எத்துணைத் தூயதாயினும், கேட்போர் அங்கே இல்லையெனில் அது குத்பா ஆகாது. வழிப்போக்கர்கள் பல்லாயிரவர் திரண்டாலும் அவர்களால் அந்த 40 நிறையாது; ஏனெனில் கேட்பவர் மறுநாளும் அதே ஊரில் வாழப் போகிறவராக இருத்தல் வேண்டும். கேட்டலை ஓர் அயலுறவாக ஆக்கிய சட்டம் இது. யூடியூபில் ஒரே நாளில் இலட்சக்கணக்கானோர் பார்த்துவிட்ட உரைக்கு இல்லாத ஒரு தகுதி, கடலோரத்துச் சிறு பள்ளிவாசலில் கூடிய நாற்பது மீனவர்களின் அமர்வுக்கு உண்டு என்று அந்த மத்ஹப் சொல்வதன் பொருள், நேயர் எண்ணிக்கையை வெற்றியின் அளவாகக் கொள்ளும் இன்றைய உரையாளர்களுக்கு இன்னும் முழுதாக எட்டவில்லை.

2020 மார்ச்சில் கோவிட் பரவலால் பள்ளிவாசல்கள் மூடப்பட்டபோது இந்தச் சட்டம் ஏட்டிலிருந்து எழுந்து வந்தது. அவ்வாண்டின் நோன்பு மாதம் முழுவதும் தராவீஹ் வீடுகளில் தொழப்பட்டது; ஆலிம்களின் உரைகள் திரையில் ஓயாமல் வந்தன; ஆயினும் தொலைபேசியில் ஒலிக்கும் குத்பாவைப் பின்பற்றி ஜும்ஆ தொழ முடியாது, வீட்டில் நண்பகல் தொழுகையான லுஹர்தான் தொழ வேண்டும் என்பதே உலமாக்களிற் பெரும்பான்மையோரின் நிலைப்பாடாக இருந்தது. உரை வந்தடைந்தது, ஜும்ஆ வந்தடையவில்லை. திரையால் கடத்தக்கூடியது எது, கடத்த முடியாதது எது என்பதற்கு இதைவிடத் தெளிவான எல்லைக்கோட்டை எந்த ஊடக ஆய்வும் வரைந்திருக்க முடியாது.

சட்டக்கலையின் மற்றோர் அளவுகோல் ஸஜ்தா திலாவத் பற்றிய பகுதியில் கிடைக்கிறது. குர்ஆனில் குறிப்பிட்ட சில வசனங்கள் ஓதப்படும்போது சிரம்பணிவதே அது. அங்கே கேட்பவர்கள் இரு வகையினர்: ஓதலுக்குச் செவிசாய்த்து மனம்பற்றிக் கேட்பவர் முஸ்தமிஉ எனப்படுவார், வழியோடு போகையில் காதில் விழப்பெற்றவர் ஸாமிஉ எனப்படுவார். தமக்கு முந்திய நூலொன்றைச் சுருக்கி மின்ஹாஜை எழுதிய நவவி, ஓதுபவருக்கும் முஸ்தமிஉக்கும் ஸஜ்தா ஸுன்னத், அதாவது கட்டாயமன்றி விரும்பத்தக்கது, என்ற விதியைத் தந்துவிட்டு, ஸாமிஉக்கும் அது ஸுன்னத்தே என்று தம் சொந்தக் கூற்றாகச் சேர்க்கிறார். வெறுமனே காதில் விழுந்ததற்கும் ஒரு பங்குப் பொறுப்பு உண்டு என்பதே அந்தச் சேர்க்கையின் கருத்து. அதே வேளையில், பயிற்றுவிக்கப்பட்ட பறவை ஓதினால் ஸஜ்தா இல்லை. ஓதலுக்குப் பின்னால் ஓதும் நோக்கமுள்ள ஒருவர் இருக்க வேண்டும். கடையொன்றில் ஒலிக்கும் பதிவுக்கு ஸஜ்தா இல்லை என்று தற்கால அறிஞர் பலர் கூறுவதும் இதை ஒட்டியே.

இந்த வகைப்பாட்டில் இன்றைய திரைமுன் இருப்பவரை எங்கே நிறுத்துவது? முதற் காணொளியைத் தாமாகத் தெரிந்து அழுத்தியபோது அவர் முஸ்தமிஉ. அது முடிந்ததும் தானே தொடரும் இரண்டாவதும் மூன்றாவதும் அவர் கேளாமலே வந்தவை. அந்த அளவில் அவர் ஸாமிஉ. ஆனால் தெருவில் காதில் விழும் ஓசை கேட்பவரைக் கருதி எழுப்பப்பட்டதன்று. திரையிலோ அல்காரிதம் எனப்படும் கணினி நிரல்முறை அவர் முன்பு எதில் நெடுநேரம் தங்கினார், எதைப் பாதியில் விட்டார் என்பதைக் கணக்கிட்டு, அதற்கு ஒத்ததையே எடுத்து முன்வைக்கிறது. மவ்லூதைக் கண்டிக்கும் உரைகள் சிலவற்றை ஆர்வத்தோடு பார்த்தவருக்கு அதனினும் கடுமையான கண்டனம் வந்து சேரலாம். மவ்லூதை ஆதரித்துக் கேட்டவருக்கு எதிர்த்தரப்பின் வசை மட்டும் துண்டாக வந்து சேரலாம். அவருடைய பழைய விருப்பமே ஓர் ஆலிமின் குரலில் அவரிடம் திரும்பி வருகிறது. அதை அவர் உலமாக்களின் ஒருமித்த கருத்தென எண்ணிவிடுகிறார். தம் நப்ஸை, அதாவது மனவிருப்பத்தை, ஆசிரியராக ஏற்பதைப் பற்றி ஸூபி நூல்கள் விடுத்த எச்சரிக்கைகளுக்கு இத்துணைப் பொருத்தமான சூழல் அந்நூல்களின் காலத்தில் இருந்திருக்க முடியாது.

துண்டாக வருதல் தனியே கவனிக்க வேண்டியது. ஹதீஸ் கலையில் ஒரு செய்தியை ஒருவர் எவ்வாறு பெற்றார் என்பதற்கு ஏற்ப அதன் தகுதி வேறுபடும். 1245இல் மறைந்த இப்னு ஸலாஹ் அவ்வழிகளை எட்டாக வகுத்தார்: ஆசிரியரின் வாயிலிருந்தே கேட்டல் முதலாவது, ஆசிரியரிடமிருந்து கேளாமல் அவருடைய எழுத்தை எங்கோ கண்டெடுத்தல் கடைசியானது. இக்கடைசி வழிக்கு விஜாதா என்று பெயர். கண்டெடுத்ததை முற்றாகத் தள்ளிவிடவில்லை அக்கலை. இன்னாரின் கையெழுத்தில் இதைக் கண்டேன் என்று சொல்லி எடுத்துரைக்கலாம், அவரிடம் கேட்டேன் என்று மட்டும் சொல்லக் கூடாது. வட்ஸ்அப் குழுவில் தலையும் வாலும் இல்லாமல் வந்து விழும் ஒரு நிமிடக் காணொளி விஜாதாவிலும் தாழ்ந்தது. ஏனெனில் பழைய கையெழுத்தில் முன்பக்கமும் பின்பக்கமும் இருந்தன. கேட்டதையெல்லாம் எடுத்துச் சொல்வதே ஒருவரைப் பொய்யராக்கப் போதுமானது என்ற கருத்துடைய நபிமொழியை இமாம் முஸ்லிம் தம் ஸஹீஹின் முன்னுரையிலேயே வைத்தார். அனுப்புகைப் பொத்தானைத் தொடும் விரலுக்கும் அது பொருந்தும்.

ஆராயாமல் கைமாற்றுவதன் விலையை இம்மாவட்டமே கண்டது. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் முஸ்லிம்கள் நடத்திய உணவகமொன்றில், கறியில் கிடந்த கட்டி கருத்தடை மாத்திரை என்று சிங்கள வாடிக்கையாளர் ஒருவர் குற்றஞ்சாட்ட, சிங்களம் சரிவரத் தெரியாத கடைக்காரர் கூட்டத்தின் நடுவே அச்சத்தோடு சொன்ன சொல் ஒப்புதலாக ஒளிப்பதிவு செய்யப்பட்டுப் பேஸ்புக்கில் பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அந்தக் கட்டி மாவுப் பொருளே என்று அரச பகுப்பாய்வில் பின்னர் தெரியவந்தது. அதற்குள் திகனையிலும் கண்டியின் பிற பகுதிகளிலும் வன்செயல் மூண்டு, மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்க நேர்ந்தது. செய்தி கொண்டுவருபவரின் தரத்தைத் தெளிந்து கொள்ளாமல் செயற்பட்டால் அறியாமையால் ஒரு மக்களுக்குத் தீங்கிழைத்துப் பின் வருந்த நேரிடும் என்று 49ஆவது அத்தியாயத்தின் 6ஆவது வசனம் எச்சரிப்பதை இங்கே தீங்குற்றவர்கள் நன்கறிவார்கள். ஆனால் அவ்வசனம் அவர்களையும் விளித்தே பேசுகிறது. பிற சமூகத்தவரைப் பற்றிய துண்டுக் காணொளிகள் இக்கரையின் குழுக்களிலும் ஆராயப்படாமல் கைமாறுகின்றன என்பதைச் சொல்லாமல் விடுவது நீதியாகாது.

அடுத்த ஆண்டில் நிகழ்ந்தது இன்னும் கொடியது. 2017 மார்ச்சில் காத்தான்குடியில் மூண்ட மோதலுக்குப் பின் தலைமறைவான தீவிரவாத உரையாளர் ஸஹ்ரான் ஹாஷிமுக்கு எந்தப் பள்ளிவாசலின் மிம்பரும் தேவைப்படவில்லை. அவருடைய தமிழ் உரைகள் திரை வழியே சென்றன. காத்தான்குடி முஸ்லிம்கள் அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தார்கள். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று அவருடைய குழு நிகழ்த்திய குண்டுவெடிப்புகளுக்கு ஐந்து நாட்களின் பின், சாய்ந்தமருதில் வாடகைக்கு எடுத்த வீடொன்றில் அக்குழுவைச் சேர்ந்தவர்கள் தம் குடும்பத்தினரோடு வெடித்துச் சிதறினர். இறந்தவர்களுள் சிறு குழந்தைகளும் இருந்தனர். புதிதாக வந்து குடியேறியவர்களின் நடத்தையில் ஐயங்கொண்டு தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் மக்களே. மே மாதத்தில் அரசாங்கம் பள்ளிவாசல் உரைகளின் பதிவுகளைச் சமர்ப்பிக்குமாறு கேட்டது. ஊரார் முன்னிலையில், நிர்வாகசபையின் பொறுப்பில், மறுநாள் கேள்வி கேட்கக்கூடியவர்களின் நடுவே நிகழும் உரையைக் கண்காணிக்க அந்த ஆணை முனைந்தது. தனிச் செவியில் இரகசியமாக விழுந்த உரையை அதனால் தொட முடியவில்லை. அறியாத முகங்களைக் கண்டு ஐயுற்ற அயலவரின் விழிப்பு செய்ததை அந்த ஆணையால் செய்ய முடியாது.

இனி வரும் சிக்கல் குரலைப் பற்றியது. ஒருவருடைய பழைய உரைகளைக் கொண்டு அவர் சொல்லாத சொற்களை அவருடைய குரலிலேயே ஆக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் தமிழுக்கும் வந்துவிட்டன. இப்னு ஸலாஹ் இதற்கு நெருங்கிய வினாவொன்றை ஆராய்ந்திருக்கிறார்: திரைக்கு மறுபுறமிருந்து, முகம் காணாமல், குரலை மட்டும் கேட்டவர் அந்த ஆசிரியரிடம் கேட்டதாக அறிவிக்கலாமா? பஸராவின் பேரறிஞர் ஷுஃபா இப்னு அல்-ஹஜ்ஜாஜ் கூடாது என்றார். பேசுபவர் அவருடைய உருவில் வந்த ஷைத்தானாக இருக்கக்கூடும் என்பது அவர் காட்டிய காரணம். பெரும்பான்மையோர் அதை ஏற்கவில்லை. நபிகளாரின் மனைவியரிடம் திரைக்கு இப்பாலிருந்தே பலர் கற்றனர். நபிகளாரின் காலத்தில் விடியற்பாங்கு சொன்ன இப்னு உம்மி மக்தூமின் பாங்கு கேட்கும்வரை நோன்பு நோற்பவர் உண்ணலாம் என்ற நபிமொழியும் முகம் காணாத குரலை நம்பிச் செயற்பட இசைவு தருகிறது. ஷுஃபாவின் ஐயம் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக மிகையான பேணுதலாகவே கருதப்பட்டு வந்தது. இன்று அதை அவ்வாறு தள்ளுவது எளிதன்று. ஆயினும் பெரும்பான்மையோரின் அனுமதியிலும் ஒரு நிபந்தனை இருந்தது: கேட்பவர் அந்தக் குரலைத் தாமே அடையாளம் அறிந்திருக்க வேண்டும், இல்லையேல் பேசுபவர் இன்னாரே என்று, அங்கே இருக்கும் நம்பகமான ஒருவர் அவருக்குச் சொல்ல வேண்டும். குரலை நகலெடுக்கும் கருவி முதல் வழியை அடைத்துவிட்டால், எஞ்சுவது இரண்டாவது வழி மட்டுமே. அந்த நம்பகமான ஒருவர், ஜும்ஆவுக்கு வேண்டிய நாற்பதின்மரைப் போலவே, கேட்பவர் வாழும் ஊரில் அவருக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டியவராகிறார்.